மூன்றாவது கார்டு

மார்ச் 3, திங்கள்

இன்று மிளகாய் வத்தல் சந்தையில் என் குரலை நானே கேட்டேன். தவசிலிங்கம் தன் செல்போனை உயர்த்திப் பிடித்து, நாற்பது வியாபாரிகள் நடுவில் ஓடவிட்டான். "தவசிலிங்கம் சரக்கு பூராவும் சாயம் போட்டது. அதை வாங்குறதும் செங்கல் பொடியை வாங்குறதும் ஒண்ணுதான்." போன மாதம் வடக்கத்திப் பார்ட்டியிடம் நான் மண்டி போனில் சொன்னது. நடுவில் வரும் இருமல்கூட என்னுடையதுதான்.

"தங்கப்பழம் அண்ணாச்சி, இது யாரு குரலு? நல்லாக் கேட்டுச் சொல்லுங்க," என்றான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சிரிப்பு அடங்குவதற்குள் அவன் வாயில் குத்திவிட்டேன். அவனுக்கு உதடு கிழிந்தது, எனக்குச் சட்டை கிழிந்தது.

மண்டிக்கு வருகிற, போகிற எல்லா அழைப்பும் மாடியறையில் இருக்கும் கம்ப்யூட்டர் பெட்டி வழியாகத்தான் போகும். போகும்போதே பதிவாகிவிடும். எட்டு வருடம் முன்பு நான்தான் வைத்தேன். அதற்கு முன் எவனோ என் பெயரைச் சொல்லி ஒரு செல்லிலிருந்து பேசி, ஒரு லாரி வத்தலை வேறு ஊரில் இறக்கிக்கொண்டான். அன்றிலிருந்து லாரிக்காரன், புரோக்கர், சுமை தூக்குகிறவன் எல்லோருக்கும் ஒரே சட்டம்தான். ஆபீஸ் நம்பரிலிருந்து வந்தால்தான் என் சொல். செல்லில் நானே பேசினாலும் நம்பாதே.

மாடியறைச் சாவி இரண்டு. ஒன்று போன் பார்க்கும் வெள்ளைக்கண்ணுவிடம். இன்னொன்று என் மேஜை டிராயரில் கிடக்கும். வீட்டு ஆட்களைத் தவிர அதை யாரும் தொடமாட்டார்கள்.

ஆகவே வெள்ளைக்கண்ணுதான்.

மார்ச் 4, செவ்வாய்

வெள்ளைக்கண்ணுவைக் காலையிலேயே குடோனுக்குள் கூட்டிப்போனோம். நானும், தங்கை கணவன் செல்வமோகனும். மாப்பிள்ளைதான் ஷட்டரை இறக்கினான்.

வெள்ளைக்கண்ணு என்னிடம் இருபத்திரண்டு வருடம் இருக்கிறான். என்னைவிட ஒரு வயது இளையவன். "சாவி உங்கிட்ட, பெட்டி உங்கிட்ட. வேற எவன்டா எடுத்துக் குடுப்பான்?" என்றேன்.

"அண்ணாச்சி, மாசம் திரும்பினா பழசை அழிக்கணும்னு சொல்லிக் குடுத்தாக. எனக்கு அழிக்கத்தான் தெரியும். எடுக்கத் தெரியாது."

மாப்பிள்ளை அவன் வலது கையைத் தரையில் விரித்து மிதித்துக்கொண்டு, இருபது கிலோ படிக்கல்லைத் தூக்கி அதன்மேல் போட்டான். காய்ந்த வத்தலை மிதித்தால் வரும் சத்தம்தான் வந்தது. அவன் மறுபடியும் "எடுக்கத் தெரியாது அண்ணாச்சி" என்றான். அதே பதில் என்றதும் எனக்கு ஆத்திரம் மண்டைக்கு ஏறியது. இரண்டாவது தடவை கல்லை நான் போட்டேன். பிறகு வயிற்றில் மிதித்தோம். வத்தல் தூசியில் இருமி இருமி அவனுக்கு மூச்சு முட்டியது. மூன்று விரல் திரும்ப வராது என்று நினைக்கிறேன். ஆட்டோவில் ஏற்றி வீட்டுக்கு அனுப்பினேன்.

"இவனை இப்படியே விட்டா ஸ்டேஷனுக்குப் போவான் மச்சான். இருபத்திரண்டு வருஷம் உங்க போனைக் கேட்டவன். வாயைத் திறந்தான்னா நாம காலி," என்றான் மாப்பிள்ளை. நியாயமாகத்தான் பட்டது.

ஆண்டிச்சாமிக்கு ஆபீஸ் நம்பரிலிருந்து போட்டேன். அவன் வேறு நம்பரை எடுக்கவே மாட்டான். எட்டு வருடமாக நான் சொன்ன சட்டத்தைச் சரியாகப் பிடித்திருப்பவன் அவன் ஒருவன்தான். வேலையைச் சொன்னேன். என்ன வேலை என்று இங்கே எழுத வேண்டியதில்லை. "பத்து நாளு டயம் குடுங்க அண்ணாச்சி," என்றான்.

வரும்போது பல் வலிக்கு மாத்திரை வாங்கினேன்.

மார்ச் 5, புதன்

இடது கையால் தலையைப் பிடித்துக்கொண்டு எழுதுகிறேன். ஆறு தையல்.

பத்தரை மணிக்குத் தவசிலிங்கத்தின் ஆட்கள் எட்டுப் பேர் வந்தார்கள். வாசலில் நின்ற லோடுமேன் மூக்காண்டியை அரிவாளால் தோளில் வெட்டினார்கள். தோள் பிளந்து, அடுக்கியிருந்த மூடைமேல் ரத்தம் இறங்கி, சாக்கும் வத்தலும் ஒரே நிறமாகிவிட்டது. எனக்கு இரும்புக் குழாயால் அடி. விழுந்து கிடந்தபடி பார்த்தேன். கல்லாவை ஒருவனும் தொடவில்லை. நேராக மாடிக்குத்தான் ஏறினார்கள். கடப்பாறையால் அந்தப் பெட்டியை அடிக்கும் சத்தம் கீழே வரைக்கும் கேட்டது.

மாப்பிள்ளை அந்த நேரம் பேங்குக்குப் போயிருந்தான். அவனாவது தப்பித்தான்.

மார்ச் 6, வியாழன்

இருதயமேரி வந்தார். பஸ் ஸ்டாண்ட் பின்னால் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கும் அம்மாள். ஐம்பது வயதிருக்கும். டீ கொடுத்தேன், தவக்காலம் என்று வேண்டாம் என்றுவிட்டார். பெட்டியைப் பிரித்து, செத்த பிராணியைப் பார்ப்பதுபோலச் சுற்றிப் பார்த்தார்.

"போர்டு போச்சு. நெட்வொர்க் கார்டு ரெண்டும் போச்சு. ஒண்ணு வெளிய லைனுக்கு, ஒண்ணு உள்ள இருக்கிற மேஜை போனுகளுக்கு. டிஸ்க் மட்டும் தப்பிச்சிருக்கு. உங்க பேச்செல்லாம் அதுலதான் இருக்கு."

புது போர்டும் புதுக் கார்டு இரண்டும் போட்டார். பெட்டி உயிர்பெற்றது. கார்டு இரண்டும் ஊமையாக இருந்தன. விளக்கு எரியவில்லை.

"வேற போனை அந்த லைன்ல சொருகினா பேச முடியாதா?" என்று கேட்டேன்.

"இது பழைய காலத்து லைன் இல்ல அண்ணாச்சி. கேபிள்ல வருது. உங்க நம்பருக்கு உள்ள பாஸ்வேர்டு இந்த மெஷினுக்குள்ளதான் பூட்டிக் கிடக்கு. புதுசு கேட்டா லெட்டர், முத்திரைன்னு ஒரு வாரம் இழுப்பாக."

மாப்பிள்ளை அக்கறையாகப் பக்கத்திலேயே நின்றான். "எதுக்கும்மா சிரமம்? டிஸ்க்கைச் சுத்தமாத் துடைச்சிட்டுப் புதுசாப் போட்டுருங்க. ஒரு மணி நேர வேலை," என்றான்.

நான் வேண்டாம் என்றேன். போன மாதமும் இந்த மாதமும் பேசிய சொல்லெல்லாம் அதில் இருக்கிறது. எவன் பேச்சு மாறினாலும் அதைப் போட்டுத்தான் வாயை அடைக்கிறேன். மாப்பிள்ளைக்கு முகம் ஒரு மாதிரி ஆனது. என் மண்டி நின்று போகிறதே என்ற கவலை.

மார்ச் 7, வெள்ளி

இருதயமேரி ஒன்பது மணிக்கே வந்துவிட்டார். பெட்டிக்குள் என்னென்ன சொருகியிருக்கிறது என்று கேட்கும் கட்டளையை அடித்தார். கார்டு இரண்டும் இருப்பதாகச் சொன்னது. எந்தெந்தக் கார்டு வேலை செய்கிறது என்று கேட்டார். ஒன்றுமே இல்லை என்றது.

"ஆளு வீட்டுக்குள்ள இருக்கான்னு தெரியுது. அவன் பேசுற பாஷைதான் இதுக்குத் தெரியல," என்றார். "உள்ள ஓடுற லினக்ஸ் சிஸ்டம் பழசு, கார்டு புதுசு. இந்தக் கார்டு பொறந்ததுக்கு முந்தியே இந்த லினக்ஸைப் போட்டுட்டாக. அந்தப் பாஷையைச் சொல்லிக் குடுக்கிற டிரைவர் புரோகிராமை நாமளே சமைச்சு ஏத்தணும்."

"கார்டை மாத்திப் போடக் கூடாதா?"

"அந்தக் காலத்துக் கார்டு இப்ப எவன் வச்சிருக்கான்? மதுரை வரைக்கும் விசாரிச்சுட்டேன்."

பென் டிரைவில் எதையோ கொண்டுவந்து ஏற்றினார். அது இன்னொன்றைக் கேட்டது. அதற்காகக் கடைக்கும் மாடிக்கும் மூன்று நடை. முகம் சுளிக்கவில்லை.

பதினொரு மணிக்கு மாப்பிள்ளை ஏற்பாடு செய்த ஆட்கள் ஆறு பேர் தவசிலிங்கத்தின் சரக்கு ஷெட்டுக்குள் போனார்கள். நானும் காரில் போய் எதிரே நின்று பார்த்தேன். வாட்ச்மேனின் முழங்காலைச் சம்மட்டியால் உடைத்தார்கள். அவன் கத்தியதில் எதிர்க் கடைக்காரன் கதவை அடைத்தான். இருந்த சரக்கில் பெட்ரோலை ஊற்றிக் கொளுத்தினார்கள். வத்தல் எரிந்த புகையில் தெருவே கண்ணைப் பொத்திக்கொண்டு ஓடியது. தவசிலிங்கம் மட்டும் இன்றைக்குக் கடைக்கே வரவில்லை. அவனுக்கு யோகம்.

மத்தியானம் வெள்ளைக்கண்ணுவின் மனைவி புஷ்பகனி வந்தாள். வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை.

"அவுக கண்ணாடி போன் மேஜை டிராயருக்குள்ள இருக்காம் அண்ணாச்சி. அது இல்லாம மாத்திரைச் சீட்டைக்கூட வாசிக்க முடியலங்காக."

நானே போய் எடுத்தேன். டிராயரில் கண்ணாடி, திருநீற்றுப் பொட்டலம், ஒரு நாற்பது பக்க நோட்டு. நோட்டில் எந்த மாதப் பதிவை எந்தத் தேதியில் அழித்தான் என்று வரிசையாக எழுதியிருந்தான். வேறு ஒன்றும் இல்லை. கண்ணாடி சோடாபுட்டி. இதைப் போட்டுக்கொண்டே திரையை மூக்கால் உரசித்தான் பார்ப்பான்.

வாங்கிக்கொண்டு அவள் நின்றாள். "மூணு நாளா ஆபீஸ் நம்பருக்கு அடிச்சுப் பார்க்கேன், போகவே மாட்டேங்குது. எனக்கு அந்த ஒரு நம்பர்தான் மனப்பாடம்."

"ரிப்பேரும்மா," என்றேன்.

"அவுக உங்களை ஒண்ணும் சொல்லல அண்ணாச்சி. மூடை சரிஞ்சு கையில விழுந்துருச்சுன்னுதான் டாக்டர்ட்டயும் சொன்னாக."

மார்ச் 8, சனி

நாலு மணிக்கு மாடியிலிருந்து, "பச்சை எரியுது அண்ணாச்சி!" என்று இருதயமேரி குரல் கொடுத்தார். டிரைவர் ஏறிவிட்டது. மாடிக்கு ஓடிப்போய் அங்கிருந்த மேஜை போனை எடுத்தேன். சத்தமே இல்லை.

"இருங்க, இருங்க. போன் புரோகிராம் ஈத் ஜீரோ, ஈத் ஒன்னுன்னு ரெண்டு பேரைத்தான் தேடும். உங்க புதுக் கார்டு ஈத் த்ரீ, ஈத் ஃபோர்னு வந்து நிக்குது."

"ஏன்?"

"இந்த மெஷின் தனக்குள்ள சொருகின ஒவ்வொரு கார்டையும் அது நம்பரோட ஒரு பட்டியல்ல எழுதிக்கிடும். உடைஞ்சு போன ரெண்டுக்கும் இன்னும் இடம் போட்டு வச்சிருக்கு."

"செத்தவனுக்கு எதுக்கு இடம்?"

"செத்தது அதுக்குத் தெரியாதுல்ல? நாம அந்த வரியை அழிச்சாத்தான் தெரியும். அழிச்சு, பேரை மாத்தி, ஒருக்கா அணைச்சுப் போட்டா முடிஞ்சது. பத்து நிமிஷம்."

நான் வியாபாரி. எண்ணினால் விட்டுப்போனது கண்ணில் படாமல் போகாது. ஜீரோ, ஒன்று, மூன்று, நாலு. "ரெண்டு எங்கம்மா?" என்றேன்.

அவர் திரும்பித் திரையைப் பார்த்தார். பட்டியலில் ஐந்து வரி இருந்தது. மூன்றாவது வரியை விரலால் தொட்டுக்கொண்டே வாசித்தார்.

"இது கார்டு இல்ல. வெளிய பென் டிரைவ் மாதிரி சொருகுற சாமான். ஒரு பக்கம் யூஎஸ்பி, மறுபக்கம் நெட் கேபிள் ஓட்டை. இருக்கிற ரெண்டு கார்டுல ஒண்ணைக் கழட்டினா உங்க போன் கட்டாயிரும், உடனே தெரிஞ்சிரும். அதனால மூணாவதா இதைச் சொருகி லேப்டாப்புக்குக் கேபிள் இழுத்திருக்காக. நீங்க பண்ணச் சொன்னீங்களா?"

இல்லை என்றேன். அந்தச் சாமான்மேல் இதே நம்பர் ஒட்டியிருக்கும் என்றார். கடைசி ஆறு எண்: 40 71 63.

வெள்ளைக்கண்ணுவிடம் லேப்டாப் கிடையாது. அப்படியானால் வெளியாள் ஒருவனைக் கூட்டிவந்திருக்கிறான் என்று எடுத்துக்கொண்டேன்.

"அழிச்சிரட்டுமா?" என்றார்.

"இப்ப வேண்டாம். திங்கட்கிழமை பார்க்கலாம்."

"போட்டோ எடுத்து வச்சுக்கிட்டு அழிக்கலாமே? லைன் வந்துரும்."

"போட்டோவை எவன் நம்புவான்? பெட்டியிலயே இருக்கட்டும். ஆளைக் கொண்டாந்து நிப்பாட்டி அதைக் காட்டணும்." அவர் தோளைக் குலுக்கிவிட்டுப் பையைக் கட்டினார். ஞாயிற்றுக்கிழமை எங்கோ தியானக் கூட்டமாம். செல்லை அணைத்துவிடுவாராம்.

ஒரு நாள்தானே. ஒன்றும் கெட்டுவிடாது.

மார்ச் 9, ஞாயிறு

தங்கச்சி சொர்ணம் வீட்டில் மத்தியானச் சாப்பாடு. ஆட்டுக்கறி. மாப்பிள்ளை இலை வாங்க வெளியே போயிருந்தான். டிவி ஸ்டாண்டில் சார்ஜர் வயர்களுக்கு நடுவே விரல் நீளத்தில் கறுப்பாக ஒன்று கிடந்தது. ஒரு பக்கம் பென் டிரைவ் முனை. மறுபக்கம் ஓட்டை. திருப்பிப் பார்த்தேன். 40 71 63.

"என்னண்ணே, அதைப் போட்டு உருட்டிக்கிட்டு இருக்கீங்க? அது அவுக லேப்டாப்புக்கு உள்ளது. தை மாசம் மதுரையில வாங்கிட்டு வந்தாக," என்றாள் சொர்ணம், குழம்பைக் கிண்டிக்கொண்டே.

சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டேன். மாப்பிள்ளை வந்தான். இலை போட்டார்கள். அவனே எனக்கு எலும்பு பார்த்து எடுத்து வைத்தான். சாப்பிட்டேன். மூன்று தடவை கறி வாங்கினேன். கையில் ஏதாவது இருந்திருந்தால் அங்கேயே அவன் கழுத்தை அறுத்திருப்பேன். இலையில் சோறு இருந்தது.

இரண்டு மணியிலிருந்து ஆண்டிச்சாமிக்குப் பதினேழு தடவை செல்லில் போட்டேன். எடுக்கவில்லை. எடுக்கமாட்டான். இருதயமேரியின் செல் அணைந்து கிடக்கிறது.

ஆண்டிச்சாமியின் ஊர் கயத்தாறுக்கு அந்தப்பக்கம். காரில் ஒன்றரை மணி நேரம். போயிருக்கலாம்தான். ஆனால் இத்தனை வருடத்தில் அவன் வாசலை நான் மிதித்ததில்லை. என் காரை அங்கே நாலு பேர் பார்த்தால், நாளைக்கு ஒன்று என்றால், எதற்கு வந்தான் என்று கேட்பார்கள். தையல் வேறு அரிக்கிறது. டிரைவருக்கு லீவு. கேட்டது பத்து நாள், ஆனது ஐந்து நாள்தான். வெள்ளைக்கண்ணுவை நேரில் பார்த்து எங்காவது போய் இருக்கச் சொல்லலாமா என்றும் நினைத்தேன். ஏன் என்று கேட்பானே. என்னவென்று சொல்வது?

நாளைக்குக் காலையில் லைன் வந்துவிடும். அந்த வேலை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, மாப்பிள்ளையின் வேலையையும் அதே போனில் சொல்லிவிடலாம் என்றிருக்கிறேன். சொர்ணத்துக்கு நான் இருக்கிறேன்.

மூன்றிலிருந்து ஆறு வரை தூங்கினேன்.

மார்ச் 10, திங்கள்

ஒன்பதே முக்காலுக்கு இருதயமேரி பழைய வரிகளை அழித்தார். மூன்றாவதையும் சேர்த்து அழிக்கச் சொன்னேன். ஆளைத்தான் கண்டுபிடித்தாயிற்றே. அணைத்துப் போட்டார். ஈத் ஜீரோ, ஈத் ஒன். மேஜை போனில் அந்த உய்யென்ற சத்தம் வந்தது. எட்டு வருடமாகக் கேட்ட சத்தம்தான்.

"பேசிப் பாருங்க. பதிவாகுதான்னு நான் கேட்டுக்கிடுறேன்," என்று ஹெட்செட்டை மாட்டினார். அவர் சொன்னது என் காதில் விழுந்ததா என்று இப்போது யோசிக்கிறேன். விரல் அதற்குள் நம்பரை அழுத்திவிட்டது.

முதல் மணியிலேயே எடுத்தான்.

"ஆண்டிச்சாமி, நாலாம் தேதி சொன்ன வேலை வேண்டாம். விட்டுரு."

"அண்ணாச்சி... அது நேத்துச் சாயங்காலமே முடிஞ்சிருச்சே. கட்டு மாத்த ஆஸ்பத்திரிக்குத் தனியா வந்தாரு. தோதா இருந்துச்சு. கையில கட்டு இருந்ததால பெருசா மல்லுக்கட்டல. கண்ணாடி மட்டும் உடைஞ்சிருச்சு, பொறுக்கி எடுத்தாச்சு. கல்லுக்குவாரித் தண்ணிக்குள்ள கிடக்காரு, கல்லைக் கட்டித்தான் போட்டிருக்கோம்." பிறகு, "வேற வேலை ஏதும் உண்டுமா அண்ணாச்சி?" என்றான்.

மாப்பிள்ளை அப்போதுதான் காபி டம்ளரோடு படியேறி வந்தான். "லைன் வந்துருச்சா மச்சான்?"

"அப்புறம் சொல்றேன்," என்று வைத்தேன்.

இருதயமேரி ஹெட்செட்டைக் கழற்றி மேஜையில் வைத்தார். நெற்றியிலும் மார்பிலும் சிலுவை போட்டுக்கொண்டார். ஸ்க்ரூடிரைவர்களை ஒவ்வொன்றாகப் பையில் போட்டார்.

"நல்லாத் தெளிவாப் பதிவாகுது," என்றார்.

"அம்மா, அதை அழிச்சிருங்க."

"நான் கார்டை ஓட வைக்கத்தான் வந்தேன். அழிக்கிறது உங்க வேலை." படியில் பாதி இறங்கி நின்று, "சனிக்கிழமையே பத்து நிமிஷம் கேட்டேன் அண்ணாச்சி," என்றார். பிறகு போய்விட்டார்.

சட்டைப்பையிலிருந்து கறுப்புச் சாமானை எடுத்து மாப்பிள்ளையின் முன் வைத்தேன். அவன் அதைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். டம்ளரைத் தட்டிவிட்டு அவன் கழுத்தைப் பிடித்துச் சுவரில் மோதினேன். இரண்டு தடவை. மூக்கிலிருந்து ரத்தம் வடிந்தது. அவன் திருப்பி அடிக்கவில்லை. ரத்தத்தோடு சிரித்தான்.

"நாலாம் தேதி நீங்க பேசினதும் அந்த டிஸ்க்குலதான் இருக்கு மச்சான். இன்னைக்குப் பேசினதும் இருக்கு. அந்தப் பொம்பளை கேட்டிருக்கா. யாரு அழிப்பா? உங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது. அழிக்கத் தெரிந்தவன் ஒருவன்தான் இருந்தான். என் கை தானாக மாப்பிள்ளையின் கழுத்தை விட்டது.

அப்போது போன் அடித்தது. லைன் வந்தபின் வந்த முதல் அழைப்பு. எடுத்தேன்.

"அப்பாடா, ரிங் போயிருச்சு! அண்ணாச்சி, நான் புஷ்பகனி பேசுறேன். அவுக நேத்துக் கட்டு மாத்தப் போனவுக இன்னும் வீடு திரும்பல. ஆஸ்பத்திரியில விசாரிச்சேன், கட்டு மாத்திட்டுப் போயிட்டாருங்காக. ராத்திரியில இருந்து இந்த நம்பருக்குத்தான் அடிச்சுக்கிட்டே இருக்கேன்."

பெட்டியில் பதிவாவதைக் காட்டும் சிவப்புப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது. மாப்பிள்ளை மூக்கைத் துடைத்துக்கொண்டு என்னையே பார்த்தான்.

"ஆள் அனுப்பித் தேடச் சொல்றேன்மா," என்றேன்.

"ஆபீஸ் நம்பர்ல சொல்லிட்டீக. அது போதும் அண்ணாச்சி."